வடிக்காத கூழ்

சாப்பாட்டுக் கரியரின் மேல்தட்டைத் திறந்ததும் கூழ் வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது. பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மா, பழப்புளி, செத்தல் மிளகாய், அதற்குள் நண்டும் மீனும் இறாலும். காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கதிரையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

சவிரிமுத்து ஐயா கூழைப் பார்க்கவில்லை. அதைத் திறந்த மகளின் முகத்தைப் பார்த்தார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போய், ஒரு மாரியையும் ஒரு கோடையையும் எங்கள் முதியோர் இல்லத்தில் கழித்துவிட்டவர். முல்லைத்தீவுக் கரையில் ஒரு காலத்தில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். இயங்கும் இடக்கையால் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். பிறகு அண்ணாந்து வாயைத் திறந்தார்.

மகள் ஜெசிந்தா அவருக்கு முன்னால் நின்றபடி ஒரு கரண்டி கூழை அள்ளினாள். அதில் ஒரு மீன் துண்டும் பயிற்றங்காயும் மிதந்தன.

"தங்கச்சி, நில்லுங்கோ," என்று நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். "ஐயாவுக்கு இது குடுக்கேலாது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பொம்மைக்கு விக்காது

போன வாரம் இந்தப் பத்தியில் படுக்கைப் புண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு நெடுங்கேணியிலிருந்து ஒரு அம்மா பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாராம். "சாப்பிடேக்க வாசிச்சுப் போட்டன். இனி இப்பிடி எழுத வேண்டாமெண்டு அவாவுக்குச் சொல்லுங்கோ" என்று சொன்னாராம். அம்மா, மன்னிக்க வேண்டும். இந்த வாரம் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனாலும் சாப்பிட்டு முடித்த பிறகே வாசியுங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வவுனியாவில் நெளுக்குளம் பக்கம் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர்களுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். என் அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்த லயம் எரிந்த பிறகு கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர்கள். தர்மபுரத்தில் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டார்கள். நான் அங்கேதான் பிறந்து வளர்ந்தேன். ஆனாலும் இந்த மண்ணில் என்னை 'வந்தவள்' என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இந்தக் கதைக்குள்ளும் வரும்.

பராமரிப்பு வேலைக்கு ஒரு குறுங்காலப் பயிற்சி இருந்தது. ஒரு பெரிய ரப்பர் பொம்மையை வைத்துப் படிப்பித்தார்கள். அதைப் புரட்டினோம், குளிப்பாட்டினோம், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றினோம். முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்க வேண்டும், ஒருவர் தனியாகத் தூக்கக்கூடாது, கையுறையைக் கழற்றினாலும் கையைக் கழுவ வேண்டும். எல்லாம் நல்ல பாடங்கள். இன்று என் முதுகு நேராக நிற்பது அந்தப் பயிற்சியின் புண்ணியம்.

சாப்பாடு கொடுப்பது மட்டும் கடைசி நாள் பின்நேரம் அவசரமாக வந்துபோனது. எல்லோரும் குழுப்படம் எடுக்கும் யோசனையில் இருந்தோம். பொம்மையின் வாயில் வெறும் கரண்டியை வைத்து எடுத்தோம், கை தட்டினார்கள். பொம்மைக்கு விக்கவா போகிறது?

அண்ணாந்த கழுத்து

எங்கள் பகுதி முதியோர் இல்லங்களில் பாதி நாட்கள் நினைவு நாட்கள்தான். ஆருடையவோ தாயின் ஆண்டு, ஆருடையவோ மகனின் முப்பத்தோராம் நாள். சைவமோ வேதமோ, எந்த மதமானாலும் குடும்பம் ஒரு நேரச் சாப்பாட்டை இல்லத்துக்குக் கொண்டுவரும். சிலர் வெளிநாட்டில் இருந்தபடி உறவினரை அனுப்புவார்கள். முதல் வாயை இறந்தவரின் பிள்ளை தன் கையால் ஒரு முதியவருக்குத் தீத்த வேண்டும் என்பது எழுதாத வழக்கம். ஒருவர் கைத்தொலைபேசியில் படம் எடுப்பார். தீத்துகிறவருக்கும் கண் கலங்கும், வாங்குகிறவருக்கும் கலங்கும். அதில் பொய் எதுவும் இல்லை. உள்ளபடியே மனசு நிறைகிற வேலைதான்.

ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. தீத்துகிறவர் நின்றுகொண்டிருப்பார், வாங்குகிறவர் கதிரையில் இருந்துகொண்டிருப்பார். தருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் வாங்குவது மரியாதை இல்லை என்று இவர் அண்ணாந்து பார்ப்பார். வாயில் சோற்றோடு "நல்லா இருங்கோ பிள்ளை" என்று வாழ்த்தவும் செய்வார். நன்றாக விழுங்கக்கூடியவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. விழுங்க முடியாதவருக்கு, கழுத்து அண்ணாந்த அந்த நேரத்தில் சாப்பாடு போகக்கூடாத வழியால் போகும்.

எங்கள் இல்லத்தில் இருந்த பொன்னுத்துரை ஐயாவுக்கு அப்படித்தான் போனது. ஒரு நினைவு நாள் மத்தியானம், பாயசத்தில் நனைத்த உளுந்து வடை. தீத்திய பெண் தாயை நினைத்து அழுதுகொண்டிருந்தாள். ஐயா அவளை வாழ்த்த வாயெடுத்தார், சத்தம் வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டு போனது. அவரை முன்னால் குனியவைத்து முதுகில் தட்டித் தட்டி வடையை வெளியே எடுத்தோம். ஆனால் நெஞ்சுக்குள் போனது போனதுதான். சளிக்காய்ச்சல் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்தப் பெண் பிறகு ஒரு நாளும் எங்கள் படலைக்குள் வரவில்லை. தாயின் ஆண்டு நாள் அவளுக்கு இப்போது என்னவாக இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அதற்குப் பிறகுதான் நான் நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று ஒரு விதியைக் கொண்டுவந்தேன். வெளியில் இருந்து வருபவர் எவரும் தீத்தக்கூடாது. பரிமாறலாம், பக்கத்தில் இருக்கலாம், கையைப் பிடிக்கலாம். வாய்க்குள் போவது எங்கள் கையால் மட்டும்.

பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டேன். தருமம் செய்ய வந்தவர்களின் கையைத் தட்டிவிடுகிறாள் என்றார்கள். ஒருவர் சாப்பாட்டு அண்டாவோடு வந்த வழியே திரும்பிப் போனார். நான் அசையவில்லை. இப்போதும் சொல்கிறேன், அந்த விதி பிழை இல்லை.

"நீங்கள் ஆர்?"

அந்த விதியோடுதான் நான் ஜெசிந்தாவின் கையைப் பிடித்தேன்.

"என்ர அப்பாவுக்கு நான் தீத்த, தடுக்க நீங்கள் ஆர்?" என்றாள்.

"தங்கச்சி, கோபிக்காதேங்கோ. ஐயாவுக்கு விழுங்கிறது கஷ்டம். தண்ணியும் குடுக்கேலாது, கட்டியும் குடுக்கேலாது. இதில ரெண்டும் இருக்கு."

"இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

தெரியும். அவளுடைய தம்பி அருளின் நாள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, வள்ளம் மட்டும் வேறொரு கரையில் ஒதுங்கியது. கல்லறை இல்லை, பூ வைக்க ஓரிடம் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு இருந்தது அந்த நாள் மட்டும்தான். பூசை முடிந்து வந்து அவனுக்குப் பிடித்த கூழைக் காய்ச்சுவார்கள். தகப்பன் முதல் வாய் குடித்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். இதை அவள் எனக்கு முந்தியே சொல்லியிருந்தாள். நான் தலையாட்டியும் இருந்தேன்.

"ஒரு வாய், அக்கா. ஒரேயொரு வாய்."

"ஒரு வாயிலதான் பொன்னுத்துரை ஐயா போனவர்," என்றேன். நான் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "தோட்டத்தால வந்த உங்களுக்கு எங்கட கூழைப் பற்றி என்ன தெரியும்?" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் இறங்கி வருவதாக இல்லை. ஆனால் என்னைவிட முந்திக்கொண்டு சவிரிமுத்து ஐயா இடக்கையால் கதிரைச் சட்டத்தில் ஓங்கி அடித்தார். "ஜெசி!" என்றார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவருடைய வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக வந்த சொல் அதுதான்.

அவள் அழுதுகொண்டே கரியரை என் கையில் தந்தாள். "எல்லாருக்கும் குடுங்கோ," என்றாள். கொடுத்தோம். எல்லோரும் உறிஞ்சிக் குடித்தார்கள், நண்டுக்காலை உடைத்துச் சப்பினார்கள், நல்ல கூழ் என்றார்கள். ஐயா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அவருக்கு வழக்கமான கப்பல் வாழைப்பழ மசியலைக் கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஐயா, கொஞ்சமாவது."

"வேணாம், பிள்ளை."

கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

ஜெசிந்தாவும் அன்று ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அப்பா வாயில் வைக்காத கூழை அவள் எப்படித் தொடுவாள்? வெறும் வயிற்றோடு பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போயிருக்கிறாள்.

மிஸ் கேட்ட கேள்வி

அதற்குப் பிறகு ஐயாவுடைய சாப்பாடு குறைந்துகொண்டே போனது. சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. முந்தியெல்லாம் நான் மசியலோடு போனால் குழறிக் குழறி என்னைச் சீண்டுவார். "கடல்ல உப்புத் திண்டவனுக்கு இனிப்போ?" என்பார். நானும் "அப்ப கடலுக்கே போங்கோவன்" என்பேன். அந்தச் சீண்டல் நின்றுவிட்டது. வாயைத் திற என்றால் திறப்பார், போதும் என்றால் மூடுவார். மருந்து குடிப்பவர் போலச் சாப்பிட்டார்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே விழுங்குவதைச் சோதித்துப் பார்க்க ஒரு மிஸ் இருந்தார். பேச்சுச் சிகிச்சை கொடுப்பவர்கள்தான் விழுங்குவதையும் பார்ப்பார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஐயாவுக்கு என்ன சாப்பாட்டில விருப்பம்?" என்று கேட்டார்.

"வாழைப்பழம் மசிச்சுக் குடுக்கிறம், மிஸ். அரிசிமாக் களியும் குடுக்கிறம்."

"அது நீங்கள் குடுக்கிறது. அவருக்கு என்ன விருப்பம்?"

ஐயா எனக்காகக் காத்திருக்கவில்லை. "கூழ்," என்றார்.

மிஸ் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். "கூழ் நல்லதுதானே. அதில தண்ணி ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கமா வாறதுதான் பிழை. வடிச்செடுங்கோ. மீனை முள்ளில்லாமல் நல்லா அரைச்சு அதுக்குள்ள விட்டுத் திரும்பக் காய்ச்சுங்கோ. ஒடியல் மாதானே, இறுகி வரும். கரண்டியைச் சரிச்சா ஒழுகக்கூடாது, மெல்ல விழவேணும். கொண்டு வாங்கோ, நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்."

பிறகு என்னைக் கதிரையில் இருத்தி, தானும் எனக்கு முன்னால் அதே உயரத்தில் இருந்து செய்து காட்டினார். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். நாடியைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்க வேண்டும். சின்னக் கரண்டி. ஒரு வாய் விழுங்கி முடிந்ததா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். கன்னத்துக்குள் ஒதுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாய்க்குள் இருக்கும்போது கதை கொடுக்கக்கூடாது. முடிந்ததும் உடனே படுக்க விடக்கூடாது.

சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்கு அழுகைதான் வந்தது. இவ்வளவுதானா? அன்றைக்கு அதே கூழ் என் கையில் இருந்தது. குசினிக்குள் தேங்காய்ப்பால் வடிக்கிற வடி இருந்தது, அம்மி இருந்தது, அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. முன்கூட்டியே இந்த மிஸ்ஸிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நாள் அப்படி முடிந்திருக்காது. ஆபத்தைக் கண்டால் 'வேண்டாம்' என்று சொல்வதுதான் பாதுகாப்பு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, நாங்களும் தேடவில்லை.

நாள்

ஜெசிந்தா என் அழைப்பை எடுக்கவில்லை. இல்லத்துத் தொலைபேசியிலிருந்து எடுத்தபோது உடனே எடுத்தாள். "அப்பாக்கு என்ன?" என்றாள்.

"ஒண்டுமில்லை தங்கச்சி. கூழ் காய்ச்சிக்கொண்டு வாங்கோ."

"விளையாடுறியளோ அக்கா?"

"இல்லை. முள்ளில்லாத மீனாப் பாத்துக் கொண்டு வாங்கோ. நண்டு இறாலெல்லாம் எங்களுக்கு, ஐயாவுக்கு வேறையா வடிப்பம்."

வந்தாள். இருவரும் குசினியில் வடித்தோம், அரைத்தோம், திரும்பக் காய்ச்சினோம். தோட்டத்துப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மீன் அரைக்கும்போது அவள் மட்டும் "அக்கா, விடுங்கோ, கை நாறும், நான் அரைக்கிறன்" என்றாள். அது மன்னிப்பாக இருக்கலாம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மிஸ் பக்கத்தில் நிற்க, ஆஸ்பத்திரி அறையில் ஜெசிந்தா தகப்பனுக்கு முன்னால் தாழ இருந்தாள். விதியை நான் தளர்த்தவில்லை, அவளை அந்த விதிக்குள் எடுத்துக்கொண்டேன். பழகிய கை எதுவோ அது தீத்தலாம் என்று மாற்றினோம். நினைவு நாளுக்கு வந்து போகிறவர்களோடு ஒரு மகளையும் சேர்த்து எண்ணியதுதான் எங்கள் தவறு.

ஐயா நாடியை இறக்கி விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. அடுத்த வாய். பிறகு மகளைப் பார்த்து, "உறைப்புக் காணாது," என்றார். மூவரும் சிரித்துவிட்டோம். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே அழுதாள்.

கொஞ்சம் சாப்பிட்டபின் அவர் கரண்டியை இடக்கையால் மெல்ல விலக்கினார்.

"நல்லாயிருக்கு," என்றார். அடுத்த சொல்லுக்கு வெகுநேரம் எடுத்தார். "நாள் போயிட்டுது, பிள்ளை."

அவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஜெசிந்தா மகள், அவளை அவர் ஜெசி என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை நான்தான்.

"வாற வருஷம், ஐயா," என்றேன். "அருளின்ர நாளுக்கு இப்பிடியே காய்ச்சுவம்."

அடுத்த மாரி தொடங்கியதும் ஐயா போய்விட்டார். விக்கியோ புரையேறியோ அல்ல, இதயம். டொக்டரும் அப்படித்தான் சொன்னார். அவருடைய தொண்டையை நாங்கள் கடைசி நாள்வரை பத்திரமாகக் காப்பாற்றினோம். அதை நினைத்து எனக்கு ஒரு நிம்மதியும் வருவதில்லை.

மறுவருஷம்

அருளின் நாள் திரும்ப வந்தது. ஜெசிந்தா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பூசை முடிந்து நேரே வந்தாள். இரண்டு கைகளிலும் பை, மீன் ஒரு பையில், நண்டு ஒரு பையில். இந்த முறை கூழை எங்கள் குசினியிலேயே காய்ச்சினாள். ஒரு பானை மற்றவர்களுக்கு, ஒரு சின்னப் பானை வடித்து இறுக்கியது.

அந்தச் சின்னப் பானை நேசம்மா ஆச்சிக்கு. அவருக்கும் விழுங்குவது கஷ்டம். மிஸ் பார்த்து, கூழ் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஜெசிந்தா ஒரு சின்ன முக்காலியை இழுத்து ஆச்சிக்கு முன்னால் இருந்தாள்.

"அண்ணாந்து பாக்க வேண்டாம் ஆச்சி. என்ர கரண்டியைப் பாருங்கோ. நாடியைக் கீழ விடுங்கோ. ம்... விழுங்குங்கோ. இப்ப வாயைக் காட்டுங்கோ பாப்பம்."

அப்படியே என்னுடைய குரல். நான் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தகப்பன் இருந்த கதிரை அந்தப் பக்கத்தில்தான் கிடந்தது. அதில் அப்போது வேறொருவர் இருந்தார்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவளும் நானும் குசினியில் ஏனம் கழுவினோம். அவள் பானையைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்டைக்கு நீங்கள் வேண்டாமெண்டது சரிதான், அக்கா. நான் தீத்தியிருந்தா அப்பாவை நானே கொண்டிருப்பன்."

"ம்."

"ஆனா குசினி பக்கத்திலதானே இருந்தது."

அவள் குற்றம் சாட்டவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், குரலில் ஒரு துளி கோபமும் இல்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு இழப்பைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான்.

கையில் இருந்த வடியைக் கழுவி, நீரை உதறி, சுவரில் இருந்த ஆணியில் கொழுவினேன். அன்றைக்கும் அது அங்கேதான் தொங்கியது.